மிஸ்ஸியம்மா புத்தகங்களுக்குச் சேலை கட்டிய வருஷம்

நம்ம பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போன மாதம் ஒருத்தி ஒரு போட்டோ போட்டாள். வேதக்கோயிலை ஒட்டி நிற்கிற பழைய ஹால். கீழே, "இங்க அருமையான லைப்ரரி ஒண்ணு இருந்துச்சே, என்ன ஆச்சுப்பா?" என்று ஒரு கேள்வி, அழுகிற பொம்மைகள் ஒரு வரிசை. அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். கூரை ஒழுகிப் போச்சு என்றாள் ஒருத்தி. கரையான் தின்னுருச்சு என்றான் ஒருத்தன். எட்டாவதைத் தாண்ட முடியாமல் நம்மோடு மல்லுக்கட்டியவன் ஒருவன், அங்கே உட்கார்ந்து படித்துத்தான் தான் ஆளானதாக எழுதியிருக்கிறான். அடப்பாவி! அந்த லைப்ரரி திறந்திருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் பாதிப் புத்தகத்தை விரிக்கவே முடியவில்லை. நீ எதைப் படித்தாய்?

கரையானைத் திட்டாதீர்கள். அது செய்யாத குற்றம். செய்தவர்களெல்லாம் நம் பெரியவர்கள், பார்த்ததும் நாம் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்வோமே, அவர்கள். அதைத்தான் எழுதப் போகிறேன். எழுதத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் இப்போது எல்லோரும் தங்கள் கதையைச் சொல்லியாக வேண்டுமாம். மலையேறி வந்து வட்டக்கானலில் தங்குகிற பிள்ளைகள் 'ஸ்டோரி டெல்லிங்' என்று ஒன்று நடத்துகிறார்கள். என்னையும் கூட்டிப் போய் வட்டமாக உட்காரவைத்து, "ஆன்ட்டி, கண்ண மூடிக்கிட்டு ஒங்க சைல்ட்ஹுட்ட ஃபீல் பண்ணுங்க" என்றான் தாடி வைத்த ஒரு பையன். இந்த வயதில் கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது தம்பி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். சீசன் முடிந்து, கீழேயிருந்து வந்த கூட்டமெல்லாம் இறங்கிப் போய், ஊர் நம்மிடம் திரும்பி வருகிற ஜூன் மாதம். அந்த மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெய்கிறதா இல்லையா என்றே தெரியாது, ஆனால் வெளியே போய் வந்தால் தலை நனைந்திருக்கும். ஜாடியில் உப்பு கஞ்சியாகக் கிடக்கும். தீப்பெட்டியை அம்மா அடுப்புத் திட்டிலேயே வைத்திருப்பாள். துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது, காய்ந்தாலும் புகை வாடை அடிக்கும். மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஊரில் இந்த மாதத்தில் ஈரப் பசையை வைத்து ஒரு காரியம் செய்யலாமா? கூடாது என்று ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். நம் சபைக் கமிட்டிக்குத் தெரியவில்லை.

வெள்ளைக்கார மிஷன்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. போகிற வாரம் வராந்தாவில் சாமான்களைப் பரப்பி வைத்து, பட்லருக்குக் கடிகாரம், ஆயாவுக்குக் கம்பளி என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். நம் வீடுகளில் பரணில் கிடந்த கேக் டின்னும், கட்டம் கட்டமாக ரொட்டி சுடுகிற இரும்பும் அப்படி வந்தவைதான். அதில் யார் எதைச் சுட்டோம்? எங்கள் அம்மா அந்த இரும்பை ஜன்னல் கதவு அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

அந்த வருஷம் போனவர்கள் மிஸ்ஸியம்மா. கல்யாணம் செய்துகொள்ளாமல் நம் பள்ளிக்கூடத்திலேயே காலத்தை ஓட்டியவர்கள். தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர்கள் என்பதால் பேச்சும் புத்தகமாகவே இருக்கும். "பிள்ளைகளே, இரைச்சல் வேண்டாம், நான் சற்றுத் துயில்கொள்ள விரும்புகிறேன்" என்பார்கள். நாம் சிரிப்பை அடக்க முடியாமல் பேரி மரத்துக்குப் பின்னால் ஓடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அவர்களுடைய புத்தக அலமாரியைச் சபைக்கு என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஓவியம், சிற்பம் பற்றிய பெரிய பெரிய படப் புத்தகங்கள் ஒரு தட்டு. கோயில், மசூதி, அரண்மனை, பாலம் என்று கட்டடங்களைப் பற்றியவை ஒரு தட்டு. அகராதி, இலக்கணம் என்று மொழிப் புத்தகங்கள் ஒரு தட்டு. கடைசித் தட்டில் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிக்கொண்டவர்களின் புத்தகங்கள்.

அந்த அலமாரி எனக்கு ஒன்றுமில்லை. என் அக்காவுக்குத்தான் எல்லாமே அது.

அக்கா எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே சனிக்கிழமையானால் மிஸ்ஸியம்மா பங்களாவுக்குப் போய்விடுவாள். மிஸ்ஸியம்மா அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. கணப்புக்கு முன்னால் நாற்காலியில் தூங்கிவிடுவார்கள். அக்கா தரையில் மண்டி போட்டு அந்தக் கட்டடப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து வரைவாள். முதலில் பார்த்து வரைந்தாள், பிறகு பார்க்காமல் வரைந்தாள், அப்புறம் நம் ஊரையே வரைய ஆரம்பித்தாள். பெருமாள்மலை பஸ் நிற்கிற தகரக் கொட்டகை, பஜாரில் பாய் கடை, நம் ஹால். எல்லாவற்றையும் கேக்கை வெட்டுகிற மாதிரி நடுவில் வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது, சுவர் எவ்வளவு தடிமன், புகை எந்த வழியாகப் போகிறது என்று காட்டுகிற படங்கள். மெல்லிசான வெள்ளைத் தாளில் பென்சில் கோடு. ஈரத்தில் தாள் சுருண்டுவிடும் என்று இருப்பதிலேயே பெரிய கட்டடப் புத்தகத்துக்குள், பக்கத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு வருவாள். அந்தப் புத்தகம் நம் வீட்டு அரிசிப் பானை மூடியைவிடப் பெரிது. நானெல்லாம் தொடக்கூடாது. "நீ தொட்டா மீச வரைஞ்சிருவே" என்பாள். வரைந்திருப்பேன்தான்.

மதுரையில் ஹாஸ்டலில் இருந்து பி.யூ.சி. முடித்துவிட்டு வந்திருந்தாள். மதராஸில் கட்டடக் கலை சொல்லித்தருகிற காலேஜிலிருந்து நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இதுவரை வரைந்த படங்களைக் கொண்டுவர வேண்டும், அதைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பொம்பளைப் பிள்ளை கட்டடம் கட்டுவதா என்று ஊரே சிரித்தபோது, போகட்டும் என்று சொன்னவர் அப்பாதான். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் பற்றி நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு என்மேல் பாய்வீர்கள்.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார், சபைக் கமிட்டிக்குச் செயலாளர். நீங்களெல்லாம் இன்றைக்கும் 'ஐயா' என்று எழுதுகிறீர்கள். மிஸ்ஸியம்மா பஸ் ஏறிய மறுநாளே அலமாரியை அப்படியே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து ஹாலில் இறக்கிவிட்டார்கள். சாவி அப்பாவிடம். வாசகசாலையை ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்கிற வரைக்கும் ஒருவரும் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று கமிட்டி முடிவு. பிரதிஷ்டை ஞாயிற்றுக்கிழமை. அக்கா மதராஸுக்குக் கிளம்ப வேண்டியது திங்கட்கிழமை.

சரி, படங்களை எடுத்துக்கொண்டு கிளம்ப ஒரு ராத்திரி இருக்கிறதே என்று நினைத்தோம். அதற்குள் சபை மூப்பர் ஒரு புத்தகத்தை விரித்துவிட்டார்.

மூப்பர் பேரிக்காய் வியாபாரி. நல்ல மனுஷன், ஆனால் தனக்குப் புரியாத எதையும் அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்று நினைப்பவர். கமிட்டி எங்கள் வீட்டில்தான் கூடியது. நான் கடுங்காப்பி கொண்டுபோய் வைக்கிற சாக்கில் கதவோரம் நின்றேன்.

"என்னங்க வாத்தியாரே இது? ஒட்டுத் துணி இல்லாம நிக்கிறா இவ!"

"அது செலைங்க ஐயா. பளிங்குக் கல்லு."

"கல்லுன்னா மட்டும்? நம்ம வீட்டுப் பிள்ளைக பாத்தா என்னத்துக்கு ஆகும்? இந்தா, இந்தக் கட்டடப் பொஸ்தகத்தத் தொறந்தா அதுலயும் சொவரு பூரா அம்மணம். கட்டடம் கட்டுனா கட்டடத்தக் கட்ட வேண்டியதுதான, இதெல்லாம் என்னத்துக்கு?"

"அந்தக் காலத்துக் கலைங்க அது."

"கலையோ கிலையோ. வெந்நி அடுப்புல போட்டுருங்க. மிஸ்ஸியம்மாதான் போயிட்டாங்கள்ல." அதோடு நிற்கவில்லை. கடைசித் தட்டுப் புத்தகம் ஒன்றையும் தூக்கிக் காட்டினார். "இது என்ன பொஸ்தகம்?"

"ஒருத்தர் தன் கதையத் தானே எழுதுனது."

"ஏன், அவருக்கு எழுதிக் குடுக்க வேற ஆள் இல்லையாமா? தன்னப்பத்தித் தானே பேசறது பெருமைங்க. அதுவும் பாவந்தான்."

நாலு தட்டில் மூன்று தட்டு பாவம். மொழிப் புத்தகம் மட்டும் தப்பித்தது, அதில் படமும் இல்லை, மனுஷனும் இல்லை. எரித்துவிடுவார்கள் என்று அப்பா பதறிப்போனார். புத்தகம் என்றால் உயிர் அவருக்கு. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அம்மணமாக இருக்கிற படங்களுக்கு மேல் தாளை வெட்டிச் சேலை மாதிரி ஒட்டி மறைத்துவிடலாம். தன் கதைப் புத்தகங்களை அலமாரியில் பூட்டி வைக்கலாம். எரிக்க வேண்டாம். மூப்பர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அந்தப் படங்களை வாலிபப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது, ஆம்பிளைகளும் ஒட்டக் கூடாது. மாதர் சங்கத்தில் கல்யாணமான பெண்கள் மட்டும் உட்கார்ந்து ஒட்ட வேண்டும்.

இந்தக் கூத்தைக் கேளுங்கள். அந்தப் புத்தகங்களை ஊரிலேயே முழுசாகப் பார்த்த ஒரே ஆள் எங்கள் அக்கா. வருஷக்கணக்காகச் சனிக்கிழமை சனிக்கிழமை பார்த்தவள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் ஹாலுக்குள் வரக்கூடாது!

சனிக்கிழமை வெள்ளனே, அப்பா மேல்கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டாள். "அப்பா, அந்தப் பெரிய கட்டடப் பொஸ்தகத்துக்குள்ளதான் என் படமெல்லாம் இருக்கு. ஒரு நிமிசம் வந்து எடுத்துக்கறேன்."

"நீ உள்ள வரப்படாதும்மா. கமிட்டில பேசி முடிச்சாச்சு."

"நான் பாக்காததாப்பா?"

"மெல்லப் பேசு. மூப்பர் காதுல விழுந்தா அதுக்கு வேற தனியாக் கூட்டம் போடுவாரு. நான் எடுத்துத் தர்றேன். எங்க போகப்போவுது?"

இதை நான் என் காதால் கேட்டேன். அம்மாவும் கேட்டாள். 'நான் எடுத்துத் தர்றேன்.'

அன்றைக்குப் பூராவும் எங்கள் அடுப்பில் மைதாப் பசைதான் கொதித்தது. கிண்டுகிற சோலி அம்மாவுக்கு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஹால் வாசல் வரைக்கும் ஓடுகிற சோலி எனக்கு. வாசலோடு சரி. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம். "ஐயய்ய, இவனப் பாருங்கடி!" என்று ஒரு குரல் கேட்கும், உடனே "உஷ், வெரசா ஒட்டு" என்று மூப்பர் சம்சாரம் அதட்டுவது கேட்கும். வாழ்க்கையிலேயே அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதுவாகத்தான் இருக்கும். அக்கா வெளியே பேரி மரத்தடியில் தூறலில் நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "அப்பாகிட்டப் போயி, படம்னு மட்டும் சொல்லு" என்றாள். ஹால் படியில் அப்பாவும் மூப்பரும் எந்தத் தன் கதைப் புத்தகத்தைப் பூட்டுவது, எதைப் பூட்டாமல் விடலாம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊழியக்காரர்கள் எழுதியதை விடலாம் என்பது அப்பா கட்சி. "அப்பா, அக்கா படம்" என்றேன். "ஆகட்டும், ஆகட்டும்" என்றார், முகத்தைத் திருப்பாமலே.

சாயந்திரம் ஒட்டியதெல்லாம் படிய வேண்டும் என்று புத்தகங்களை அடுக்கி, வீட்டுக்கு வீடு அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து மேலே ஏற்றிவிட்டார்கள். ஈரப் பசை, பளபளப்புத் தாள், ஜூன் மாதத்து மேகம், மேலே அம்மிக்கல். வேறு என்ன வேண்டும்? அப்பா இருட்டின பிறகு வீட்டுக்கு வந்தார். அக்கா எழுந்து நின்றாள். அவர் வெறுங்கையைப் பார்த்தாள். அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "அடடா! கல்லேத்திட்டாங்களேம்மா. காலைல மொதக் காரியமா எடுத்துருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிரதிஷ்டை. நாமெல்லாம் ஹாலுக்குள் முட்டிமோதி நின்றோம். ஜெபமும் பாட்டும் ஆன பிறகு மூப்பர் ஒரு படப் புத்தகத்தைத் திறக்கப் போனார், அட்டை மட்டும் வந்தது. அடுத்ததைத் திறந்தார், நாலு பக்கம் சேர்ந்து பலகையாக வந்தது. பளபளப்புத் தாள் ஈரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு செங்கல்லாகிவிட்டது. மறைக்க வேண்டிய படம், மறைக்க வேண்டாத படம், எழுத்து எல்லாம் சேர்ந்து ஒரே கட்டி. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நம் சபை வழக்கப்படி இன்னொரு பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்தாள். அது தடித்த தாள் என்பதால் அங்கங்கே திறந்தது. அவள் பக்கத்தில் நின்ற மூப்பர் சம்சாரம் பெருமையாகச் சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"இந்தப் பொஸ்தகத்துல எங்களுக்குத் தாள் வெட்டுற வேலையே இல்லம்மா. பக்கத்துக்குப் பக்கம் மெல்லிசா வெள்ளத்தாள் வச்சே கெடந்துச்சு. மிஸ்ஸியம்மாவுக்கே கூச்சமா இருந்துருக்கும் போல! அதையே படத்து மேல ஒட்டிட்டோம். ஒரு பக்கம் பென்சில்ல கோடு கோடாக் கெடந்துச்சு, அசிங்கமா இருக்கேன்னு அத உள்பக்கமா வச்சு ஒட்டிட்டோம். லெச்சணமா இருக்குல்ல?"

அக்கா புத்தகத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே போனாள். அவ்வளவு பெரிய புத்தகத்துக்குப் பின்னால் அவள் தலை மட்டும்தான் தெரிந்தது.

வீட்டில் அம்மா கெட்டிலைக் கொதிக்கவைத்து, மூக்கிலிருந்து வருகிற ஆவியில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினாள். அக்கா வெங்காயத் தோலை உரிக்கிற மாதிரி நகத்தால் உரித்தாள். நாடா நாடாவாகத்தான் வந்தது. ஒரு நாடாவில் எங்கள் வீட்டு அடுப்படி. வெட்டிக் காட்டியிருந்தாள். அடுப்பு, புகைபோக்கி, குனிந்து ஊதுகிற அம்மா, மூலையில் போர்வைக்குள் ஒரு சின்ன உருவம், அது நான். என்னையும் வரைந்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அம்மாவின் முகத்துக்கு மேலே அந்தப் பக்கத்துச் சுவர்ச் சிலை ஒன்றின் தோளும் கழுத்தும் மையாக இறங்கியிருந்தன. அம்மா கெட்டிலை டணார் என்று வைத்தாள்.

"எடுத்துத் தர்றேன்னு சொன்னீங்கள்ல? ரெண்டு எட்டு வச்சுப் போயி எடுக்க முடியலையா? அங்க என்ன புடுங்கிக்கிட்டிருந்தீங்க?" அப்பாவிடம் அம்மா அப்படிப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"மறந்துட்டேன்" என்றார் அப்பா. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

அக்கா மதராஸுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு வருஷத்துப் படத்தை ஒரு சாயந்திரத்தில் எதை வரைந்து ஈடுகட்டுவது? தாளும் நமத்துப் போய், பென்சில் வைத்தால் கிழிந்தது. அம்மாதான் விடவில்லை. அவளுடைய பெட்டியை அம்மாவே அடுக்கினாள். "போடி. போயி நடந்தத நடந்தபடி சொல்லு. இந்த மாதிரி எங்க சபையில சேல கட்டி விட்டுட்டாங்கன்னு சொல்லு. சிரிப்பாங்க. சிரிச்சிட்டு, சரி இப்ப வரைம்பாங்க. அவங்களும் மனுசங்கதான?" உரித்த நாடாக்களையும் அத்தாட்சிக்கு இருக்கட்டும் என்று ஒரு துணியில் சுற்றி வைத்தாள். அப்பா, "நானே எல்லாத்தயும் எடுத்துச் சொல்றேன்" என்றார். திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் மலை இறங்கி, கொடை ரோட்டில் ரயில் ஏறினார்கள்.

திரும்பி வந்தபோது அக்கா நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அப்பாதான் சொன்னார். "படத்தக் கேக்கவே இல்ல. எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்காங்க. சிபாரிசு." அம்மா மதராஸ்காரர்களை அடுப்படியில் நின்று ஒரு மணி நேரம் சபித்தாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். என் மகன் அங்கே வேலைக்குப் போனபோதுகூட, "சிபாரிசு ஊருடா அது, சூதானமா இரு" என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஒரு ஊரையே இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்!

செங்கல்லான புத்தகங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். எரிக்கப் பார்த்தார்கள், எரியவில்லை. பஜார் பாயிடம் பொட்டலம் மடிக்கக் கொடுத்தார்கள், அவர் அட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தியல் குடுத்தீங்கன்னா பிரிச்சுப் பாக்கலாம்" என்றார். நமக்கு வந்த குட்டைப் போதகர் ஒருவர், பிரசங்க மேடையில் நின்றால் நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்று அவர் காலுக்கடியில் நாலைந்தை அடுக்கிவிட்டார்கள். ஓவியமும் சிற்பமும் கடைசியாகச் சபைக்கு உதவியது அப்படித்தான். பூட்டி வைத்த தன் கதைப் புத்தகங்களின் சாவி யாரிடம் போனது என்று தெரியவில்லை. மொழிப் புத்தகங்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. அப்பா அகராதியை வீட்டுக்கு எடுத்து வந்து சாகிற வரைக்கும் புரட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடித்து, ரிட்டையராகி, இப்போது பெருமாள்மலையில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவளோடு எங்கேயும் போக முடியாது. எவனாவது கட்டடம் கட்டிக்கொண்டிருந்தால் அப்படியே நின்றுவிடுவாள். சாரம் கட்டியிருப்பதை, கம்பி முடைவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள், நமக்குப் பஸ் போய்விடும்.

உங்கள் குரூப் வம்பையெல்லாம் போன மாதம் அவள் வீட்டில் உட்கார்ந்துதான் வாசித்துக் காட்டினேன். அவள் முறத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கரையான் வரைக்கும் சிரித்தாள். 'ஐயா மட்டும் இருந்திருந்தா அந்த லைப்ரரிய விட்டுருக்க மாட்டாரு' என்று உங்களில் ஒருத்தர் எழுதியிருந்ததை வாசித்ததும் கத்தி நின்றுவிட்டது.

"அங்க படத்தக் கேட்டாங்கடி" என்றாள்.

"எங்க?"

"மதராஸ்ல. மொதக் கேள்வியே அதான். மூணு பேர் உக்காந்திருந்தாங்க. நடுவுல ஒரு அம்மா. படம் எங்கம்மான்னு கேட்டாங்க. அப்பாவையும் உள்ள கூப்பிட்டிருந்தாங்க. நான் துணியப் பிரிக்கப் போனேன். அதுக்குள்ள அப்பா சொல்லிட்டாரு."

"என்னன்னு?"

"'கெளம்புற அவசரத்துல எடுத்து வைக்க மறந்துட்டா'ன்னு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும், "யாரு மறந்தா? நீயா மறந்தே? யாருடி மறந்தது?" என்று கத்தினேன். அக்கா மகன் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"சபைப் பேரு கெட்டுரும்னு நெனச்சிருப்பாரு. இல்ல, தான் பண்ணத அவ்வளவு படிச்சவங்க முன்னாடி சொல்ல வாய் வரல. என்னவோ."

"நீ சொல்ல வேண்டியதுதான? துணிக்குள்ள எல்லாம் இருந்துச்சே!"

"அப்பா பக்கத்துல நிக்கிறாரு. அப்பா பொய் சொல்றாருன்னு எப்படிடி சொல்றது?" பீன்ஸ் ஒன்றை எடுத்து நார் உரித்தாள். "அந்த அம்மா நல்ல மாதிரி. மறந்தாப் போகுது, இந்தா தாளு, ஜன்னல் வழியாத் தெரியுற கட்டடத்த வரைன்னாங்க. பென்சில அவங்களே சீவிக் குடுத்தாங்க. நல்ல கட்டடம். அந்த மாதிரி வளைவு நான் நூறு வரைஞ்சிருக்கேன். அப்பாவப் பாத்தேன். அவரு வேற பக்கம் பாத்துக்கிட்டிருந்தாரு. கை வரலடி. ஒரு கோடு வரல. அப்படியே வெள்ளத்தாளா திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

மூப்பர்மேல், அவர் சம்சாரத்தின்மேல், அந்தக் கமிட்டிமேல் கொஞ்சமும் கோபமில்லையாம் அவளுக்கு. அவர்கள் தெரியாமல் ஒட்டினார்கள் என்கிறாள். அப்பா மறந்ததில்கூடக் கோபமில்லையாம், மனுஷன்தானே மறப்பான் என்கிறாள். பிறகு ஏன் இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லை, ஏன் அம்மா செத்துப்போகும்போதும் மதராஸைத் திட்டவிட்டாய் என்று கேட்டேன். "சொன்னா நீங்கள்லாம் அப்பாகூடப் பேசாமப் போயிருப்பீங்க" என்றாள், ஏதோ குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரி. எனக்கு அவள்மேலும் ஆத்திரமாக வந்தது. இன்னும் அடங்கவில்லை.

இந்த மாதம் கல்லறைத் திருநாள் வந்தது. வருஷா வருஷம் நானும் அவளும் சேர்ந்துதான் போவோம். இந்த வருஷம் நான் போகவில்லை. அக்கா தனியாகப் பஸ் ஏறிப் போய், அப்பா கல்லில் ஏறியிருந்த பாசியைச் சுரண்டி, பூ வைத்துவிட்டு வந்தாள்.